அரிசிப் புரதமும் நோய் எதிர்ப்பாற்றலும்

தானியத்தின் தரம் என்றால் அரவைத் திறன், அரிசியின் பருமன், வேகும் தன்மை, சந்தை விலை ஆகியவற்றையே நாம் பெரிதும் கணக்கில் கொள்கிறோம். அத்தானியத்தில் உள்ள புரதத்தைப் பற்றிய எண்ணம் அதன் பின்னரே வருகிறது. புரதம் செரிக்கும்போது வயிற்றில் உண்டாகும் சிறு துணுக்குகளைப் பற்றி அண்மைக் காலம் வரை உழவர் கூட்டங்களில் எவரும் கேட்டதில்லை. 2020 ஆம் ஆண்டுக் கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. "நோய் எதிர்ப்பு மாவு", "பெப்டைடு கலந்த தானியப் பொடி" என்னும் பெயர்களில் டப்பாக்கள் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. சத்துமாவு தயாரிக்கும் மகளிர் குழுவினர், "எங்கள் மாவிலும் இது இருக்கிறதா? சிப்பத்தின் மேல் அச்சிடலாமா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி இதுவரை எதைக் கண்டிருக்கிறது, அதில் உழவர் வீட்டுக்குப் பயன்படுவது எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெப்டைடு என்பது யாது?

புரதத்தை ஒரு பூச்சரத்திற்கு ஒப்பிடலாம். இருபது வகைப் பூக்கள் மாறி மாறித் தொடுக்கப்பட்ட நீண்ட சரம் அது. ஒவ்வொரு பூவும் ஓர் அமினோ அமிலம். நாம் சோறு உண்டதும் இரைப்பையில் பெப்சின் என்னும் நொதியும், அதன்பின் சிறுகுடலில் கணையம் சுரக்கும் டிரிப்சின் முதலிய நொதிகளும் இச்சரத்தை ஆங்காங்கே வெட்டுகின்றன. வெட்டும் இடத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. எடுத்துக்காட்டாக, டிரிப்சின் லைசின் அல்லது அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்தே வெட்டும். இவ்வாறு வெட்டுண்ட சிறு சரத் துணுக்கே பெப்டைடு ஆகும். இரண்டு முதல் சில பத்து அமினோ அமிலங்கள் வரை அதில் இருக்கலாம்.

உண்ட புரதம் முழுவதும் தனித்தனிப் பூக்களாக உதிர்ந்த பின்னரே குடல் அதனை உறிஞ்சுகிறது என்று முன்பு கருதப்பட்டது. இரண்டு மூன்று பூக்கள் சேர்ந்த துணுக்குகளையும் குடற்சுவர் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. சற்று நீளமான துணுக்குகளில் பெரும்பாலானவை இரத்தத்திற்குள் செல்வதில்லை. ஆயினும் அவை குடலின் உட்பரப்பைத் தொட்டுக்கொண்டுதான் நகர்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடற்சுவரை ஒட்டியே குடியிருக்கின்றது. ஆகவே உணவிலிருந்து பிறக்கும் துணுக்கும் எதிர்ப்பு அணுவும் சந்திக்கக் குடலே இடமாகிறது.

முழுச் சரத்தில் இருக்கும்போது வாளாவிருக்கும் ஒரு துணுக்கு, வெட்டப்பட்டு வெளிவந்ததும் தனி வேலை செய்யக்கூடும் என்னும் கருத்து பாலிலிருந்து தொடங்கியது. 1950 இல் சுவீடன் நாட்டு மெலாண்டர், பால் புரதமான கேசினின் துணுக்குகள் குழந்தைகளின் எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிய உதவுவதாக எழுதினார். 1979 இல் கோதுமையின் குளுட்டன் புரதத்திலிருந்தும் நரம்பின்மேல் செயல்படும் துணுக்குகள் கிடைத்தன. 1981 இல் பிரான்சு நாட்டில் ஜோலே குழுவினர், தாய்ப்பாலின் கேசினை டிரிப்சின் கொண்டு வெட்டி, எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் துணுக்குகளைக் கண்டனர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. தானியத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

அரிசியில் கண்டது

1994 இல் சப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசிகாவா குழுவினர், அரிசியின் ஆல்புமின் என்னும் புரதத்தை டிரிப்சின் கொண்டு செரிக்கச் செய்து, அதிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். நெல்லின் தாவரவியல் பெயரான ஒரைசா என்பதையொட்டி அதற்கு ஒரைசாடென்சின் என்று பெயரிட்டனர். கிளைசின், டைரோசின், புரோலின், மெத்தியோனின், டைரோசின், புரோலின், லியூசின், புரோலின், அர்ஜினின் என்பது அதன் வரிசை. கடைசியில் அர்ஜினின் நிற்பதைக் கவனிக்கவும். டிரிப்சின் வெட்டும் இடம் அதுதான். மூன்று இடங்களில் புரோலின் இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும். புரோலின் உள்ள இடத்தில் நம் செரிமான நொதிகள் எளிதில் வெட்டுவதில்லை. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

சோதனையில் இப்பெப்டைடு கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டைச் சுருங்கச் செய்தது. மனித இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அயல் துகள்களை விழுங்கும் செயலையும் தூண்டியது. இது எவ்வாறு நிகழ்கிறது? நம் உடலுக்குள் கிருமி நுழைந்தால் இரத்தத்திலுள்ள சில புரதங்கள் வெட்டுண்டு, அபாய அறிவிப்பாகச் சில துணுக்குகளை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்று சி3ஏ எனப்படும். வெள்ளை அணுவின் மேற்பரப்பில் சி3ஏ பொருந்துவதற்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. சி3ஏயின் கடைசியிலும் அர்ஜினினே உள்ளது. அரிசியிலிருந்து வந்த துணுக்கு, ஏறத்தாழக் கள்ளச் சாவியைப் போல, அதே பூட்டில் நுழைந்து அணுவை விழிக்கச் செய்கிறது.

சோயா மொச்சையிலும் இத்தகைய ஒன்றை அதே குழுவினர் பின்னர்க் கண்டனர். பதின்மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட அத்துணுக்கு மெத்தியோனினில் தொடங்குகிறது. பாக்டீரியாக்களின் புரதங்களும் மெத்தியோனினிலேயே தொடங்குவதால், அவ்வடையாளத்தை முகர்ந்து பகையை அறியும் பூட்டு ஒன்று வெள்ளை அணுக்களில் உண்டு. சோயாத் துணுக்கு அதில் பொருந்துகிறது.

லூனாசின் என்னும் மற்றொரு சோயாப் பெப்டைடைப் பற்றியும் விளம்பரங்களில் காணலாம். இதில் நாற்பத்து மூன்று அமினோ அமிலங்கள் உள்ளன. வாற்கோதுமையிலும் கோதுமையிலும் இது இருப்பதாக 2000 க்குப் பின் கட்டுரைகள் வந்தன. பின்னர் அப்பயிர்களின் மரபணுத் தொகுதியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு லூனாசினுக்கு உரிய மரபணு கிடைக்கவில்லை. அறிவியலில் இது இயல்பு. ஆனால் முதல் செய்தியை அச்சிட்ட டப்பாக்காரர் இரண்டாம் செய்தியை அச்சிடுவதில்லை.

கணக்குப் பார்ப்போம்

மேற்சொன்ன சோதனைகள் மிகப் பெரும்பாலும் கண்ணாடிக் குழாயிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. தூய்மையாகப் பிரித்தெடுத்த பெப்டைடை, அறிந்த அளவில் கொடுத்துப் பார்த்தவை. வீட்டில் நாம் உண்பது சோறு. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அதில் புரதம் ஏறக்குறைய 30 கிராம். தீட்டிய அரிசியின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு குளுட்டலின் வகையைச் சார்ந்தது. ஆல்புமின் சுமார் 5 விழுக்காடுதான். அதாவது ஒன்றரைக் கிராம். அந்த ஒன்றரைக் கிராமிலும் ஒன்பது பூத் துணுக்கின் பங்கு எவ்வளவு சிறிது என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம். வயிற்றில் டிரிப்சின் மட்டுமே இருப்பதில்லை. வேறு நொதிகளும் அத்துணுக்கைக் கடித்துப் பார்க்கும்.

ஆகையால், அரிசிப் பெப்டைடு உண்டால் சளி வராது, காய்ச்சல் அண்டாது என்று சொல்வதற்கு இன்று சான்று இல்லை. அரிசிப் புரதம் செரிக்கும்போது எதிர்ப்பு அணுக்களுடன் பேசக்கூடிய துணுக்குகள் பிறக்கலாம் என்பது வரை சொல்லலாம். இதற்கு மேல் சொல்வது வியாபாரம்.

ஆனால் மொத்தப் புரதத்தின் நிலை வேறு. இதில் ஐயத்திற்கு இடமே இல்லை. நோய் எதிர்ப்பொருள்கள் யாவும் புரதத்தால் ஆனவை. புரதமும் சக்தியும் போதாத குழந்தையின் உடலில் எதிர்ப்பு அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமசு சுரப்பி சுருங்கிவிடுகிறது. அத்தகைய குழந்தைக்குச் சாதாரண வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிருக்கு உலை வைக்கின்றன. ஒன்பது பூத் துணுக்கைத் தேடிச் செல்லும் முன், சரமே போதிய அளவு வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது முறை.

இதே துணுக்கு பகையாவதும் உண்டு

தானியத் துணுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்றாலே அது நன்மை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கோதுமை இதற்கு நல்ல பாடம். நெதர்லாந்து நாட்டில் 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது, தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்திருந்த சில குழந்தைகள் தேறின. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. குழந்தை மருத்துவர் டிக்கே இதனை ஆராய்ந்து, கோதுமையே காரணம் என்று 1950 இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். சீலியாக் நோய் எனப்படும் இதன் உட்காரணங்களுள் முக்கியமான ஒன்று 2002 இல் வெளியாயிற்று. கோதுமைப் புரதத்தின் முப்பத்து மூன்று அமினோ அமிலத் துணுக்கு ஒன்று, புரோலினும் குளுட்டமினும் நிறைந்திருப்பதால் எந்தச் செரிமான நொதிக்கும் வெட்டுப்படாமல் குடலில் தங்கிவிடுகிறது. பிறவியிலேயே இதற்கு ஏதுவான மரபு உடையவர்களில் சிலருக்கு, எதிர்ப்பு அணுக்கள் இத்துணுக்கைப் பகையென்று கருதிப் போர் தொடுக்கின்றன. அப்போரில் அழிவது அவர்களுடைய குடற்சுவரே.

ஒரைசாடென்சினை நொதிகளிடமிருந்து ஓரளவு காக்கக்கூடிய அதே புரோலின்தான் இங்குக் கேட்டை விளைவிக்கிறது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் காணப்பட்டது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளுட்டன் இல்லை. சத்துமாவில் கோதுமை சேர்க்கும் குழுவினர் அதனைச் சிப்பத்தின் மேல் தெளிவாகக் குறிப்பிடுவது இக்காரணத்தால் மிக முக்கியம்.

வீட்டில் செய்யத்தக்கவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். நூறு கிராமில் அரிசியில் 8 கிராம், கேழ்வரகில் 7, சோளத்திலும் சாமையிலும் 10, கம்பில் 11 என்ற அளவில் புரதம் உள்ளது. பருப்பு வகைகளில் 22 கிராமுக்குக் குறையாது. தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்கின்றது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று கொண்டால் 300 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் சேர்ந்து மேற்சொன்ன 46 கிராமைத் தந்துவிடும். பால், மோர், முட்டை, கருவாடு ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்த்துக்கொண்டால் தரம் இன்னும் உயரும். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் விதைக்கும் உழவர் வீட்டில் இது இயலாத காரியமன்று. விளைந்த பயறு முழுவதும் மூட்டையாகச் சந்தைக்குப் போய்விடுவதுதான் சிக்கல்.

உண்ட புரதம் எந்த அளவுக்குச் செரிக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. செரித்தால்தான் துணுக்கே பிறக்கும். சோளம் இதில் தனி வகை. நீரில் வேகவைக்கும்போது சோளத்தின் காஃபிரின் புரதம் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்துகொள்கிறது. 1981 இல் பெரு நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சோளக் கஞ்சியின் புரதத்தில் 46 விழுக்காடு அளவே உடலில் சேர்ந்தது. மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சும் நம் வழக்கம் இக்குறையை ஓரளவு போக்குகிறது. புளிக்கும்போது நுண்ணுயிர்களின் நொதிகளும் தானியத்தின் சொந்த நொதிகளும் புரதத்தை முன்கூட்டியே ஓரளவு வெட்டிவிடுகின்றன. இட்லி மாவில் நிகழ்வதும் இதுவே.

முளைகட்டுதலும் இவ்வாறே. கேழ்வரகைச் சுத்தம் செய்து பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால் முளை வரும். வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்து நீக்கி, இலேசாக வறுத்து அரைக்கலாம். கேழ்வரகில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் ஒன்று உள்ளது. முளைகட்டும்போது அது குறைகிறது. மாவுச்சத்தும் உடைவதால் கஞ்சி கெட்டியாகாமல், குழந்தை ஒரே வேளையில் கூடுதல் மாவைக் குடிக்க முடிகிறது.

சோளத்தை முளைகட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு உப்பி விழுவதை உழவர்கள் அறிவர். அதற்குக் காரணமான நஞ்சு, சோள முளையிலும் வேரிலும் உண்டாகிறது. ஆகவே சோளத்தின் முளையையும் வேரையும் முழுவதும் தேய்த்து நீக்கிய பிறகே அரைக்க வேண்டும். முளைகட்டிய சோளத்தைப் பயறு போலப் பச்சையாக உண்பது கூடாது.

தவிட்டைப் பற்றி ஒரு சொல். அரிசியின் ஆல்புமின் பெரும்பாலும் மேலடுக்குகளிலும் முளையிலும் உள்ளது. நன்றாகத் தீட்டும்போது அது தவிட்டோடு போகிறது. நூறு கிலோ நெல்லில் எட்டு முதல் பத்துக் கிலோ தவிடு கிடைக்கிறது. ஆலையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே அதன் எண்ணெய் சிக்கடிக்கத் தொடங்குவதால், வீட்டில் தவிட்டைச் சேமித்து உண்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மிதமாகத் தீட்டிய அரிசியைக் கேட்டு வாங்குவதே எளிய வழி.

களத்திலும் கிடங்கிலும்

தானியத்தால் எதிர்ப்பாற்றல் கூடுவது பற்றிய சான்று மெலிந்தது. தானியத்தால் எதிர்ப்பாற்றல் குறைவது பற்றிய சான்று வலுவானது. அதற்குக் காரணம் பூசணம். சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் மஞ்சள் பச்சைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. 1974 இல் இராசசுத்தான், குசராத் மாநில எல்லை மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் ஈரல் கெட்டு இறந்தனர். 2004 இல் கென்யாவில் 125 பேர் மாண்டனர். இவை பெரிய அளவில் நஞ்சு சேர்ந்ததால் நேர்ந்தவை. சிறிய அளவில் நாள்தோறும் உடலில் சேர்ந்தால் உடனடியாகச் சாவு நேராது. ஆனால் காம்பியா நாட்டுக் குழந்தைகளிடம் நடந்து 2003 இல் வெளியான ஆய்வில், இந்நஞ்சு உடலில் சேர்ந்த குழந்தைகளின் உமிழ்நீரில் எதிர்ப்பொருள் குறைந்திருந்தது. வாயையும் குடலையும் காவல் காக்கும் எதிர்ப்பொருள் அது.

வேகவைப்பதாலும் வறுப்பதாலும் இந்நஞ்சு முழுதும் அழிவதில்லை. கெட்டுப்போனதை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்பதும் தவறு. அது உருமாறிப் பாலில் வந்து நம் குழந்தைக்கே சேரும். எனவே மக்காச்சோளத்தை 12 விழுக்காடு, நெல்லை 14 விழுக்காடு, கடலைக் காய்களை 8 விழுக்காடு ஈரத்துக்கு மேற்படாமல் காயவைத்துச் சேமிக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் நான்கைந்து மணிகளைக் கடித்துப் பார்க்கலாம். நசுங்காமல் கடக்கென்று முறிந்தால் காய்ந்துவிட்டது எனலாம். கடலைக்குக் காயைக் குலுக்கிக் கேட்பது வழக்கம். தார்ப்பாயின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுவதும், மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும், சத்துமாவுக்கு எடுக்கும் முன் நிறம் மாறிய மணிகளையும் சுருங்கிய பருப்புகளையும் பொறுக்கி எறிவதும் செலவில்லாத வேலைகள். எந்த டப்பாப் பொடியும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

வயலில் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. பூக்கும் தருணத்தில் தழைச்சத்து இட்டால் அரிசிப் புரதம் ஓரிரு விழுக்காடு கூடும். ஆயினும் கூடுவது பெரும்பாலும் குளுட்டலின்தான். ஆல்புமினின் பங்கு உயராது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவால் குலை நோயும் புகையானும் வருவதையும் பயிர் சாய்வதையும் எண்ணினால், புரதத்துக்காக யூரியாவைக் கூட்டுவது வீண். துத்தநாகம் அப்படியன்று. எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதற்கு அது இன்றியமையாதது. நம் மாநில மண்ணில் அதன் குறை பரவலாக உள்ளது. மண் ஆய்வுப்படி குறையுள்ள நெல் வயலுக்கு நடவின்போது எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது மகசூலுக்கும் உதவும், மணியின் தரத்துக்கும் உதவும்.

சிப்பத்தின் மேல் எழுதுவது பற்றி

மகளிர் குழுவினரின் கேள்விக்கு வருவோம். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று அச்சிடுவதை 2018 ஆம் ஆண்டு உணவு விளம்பர ஒழுங்குமுறை விதிகள் அனுமதிப்பதில்லை. "நோய் எதிர்ப்பு", "பெப்டைடு நிறைந்தது" என்ற சொற்களுக்கு ஆய்வுச் சான்று கேட்டால் காட்ட இயலாது. அச்சிட்ட சிப்பங்களையெல்லாம் வீணாக்க நேரிடும். அதற்குப் பதிலாக எந்தெந்தத் தானியம், எந்தப் பருப்பு, எந்த விகிதத்தில் சேர்ந்துள்ளது, முளைகட்டியதா, கோதுமையும் நிலக்கடலையும் உண்டா, நூறு கிராமில் புரதம் எவ்வளவு, அரைத்த நாள் எது என்பவற்றை எழுதலாம். புரத அளவை ஏதேனும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை சோதித்துச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். தானியத்தின் விகிதத்தை மாற்றினால் சோதனையையும் மீண்டும் செய்தல் வேண்டும். நிலக்கடலை சேர்க்கும் குழுவினர் அதே ஆய்வுக்கூடத்தில் அஃப்ளாடாக்சின் சோதனையையும் கேட்டுப் பெறலாம்.